படிக்கப்பட்ட மண்ணும் படிக்க வேண்டிய பிள்ளைகளும்

பிளஸ் டூ முடிவு வந்த வாரத்தில் நாகூர்க் கடைத்தெருவில் எங்கே நின்றாலும் ஒரே விசாரிப்புதான்: “ஒங்க புள்ளைக்கு என்ன மேஜர் போட்டிருக்கீங்க?” பி.காம். என்றால் திருப்தி. கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றால் கூடுதல் திருப்தி. வரலாறு என்றோ சமூகவியல் என்றோ சொன்னால், “ஏன், மார்க்கு பத்தலையா?” என்று அனுதாபத்தோடு கேட்பார்கள். மேஜருக்குப் பக்கத்தில் இரண்டாவதாக என்ன பாடம் எடுக்கிறாள் என்று யாரும் கேட்பதில்லை. அதைக் கேட்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

2022 டிசம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு இளங்கலைப் படிப்புக்கு ஒரு புதிய சட்டகத்தை வெளியிட்டது. மூன்று ஆண்டுப் படிப்புக்கு 120 கிரெடிட்; அதில் 24 கிரெடிட்டை ஒரு மாணவர் தன் மேஜருக்கு வெளியே, ‘மைனர்’ என்று ஒரே துறையில் தொடர்ந்து படிக்கலாம். தேசியக் கல்விக் கொள்கையின் கையைப் பிடித்துக்கொண்டு வந்த சட்டகம் இது. அந்தக் கொள்கையைத் தமிழ்நாடு ஏற்கவில்லை. அதற்குரிய காரணங்கள் மாநிலத்துக்கு உண்டு. ஆனால் இந்த ஏற்பாடு நமக்குப் புதிதல்ல. இயற்பியல் படிப்பவர் கணிதத்தை ‘அலைடு’ பாடமாக எடுப்பது நம் கல்லூரிகளில் தலைமுறை தலைமுறையாக நடந்துவருகிறது. இயற்பியலோடு கணிதம் போல, வணிகவியலோடும் கணினியியலோடும் செவிலியர் படிப்போடும் சமூகம் எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பதை ஏன் படிக்கக் கூடாது?

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் பன்மை, அடையாளம், சமூக ஏற்றத்தாழ்வு ஆகிய மூன்றையும் சேர்த்து மைனராகத் தருகிறார்கள். பொறியியல் மாணவர் அதை எடுக்கிறார், மருத்துவம் படிக்கப்போகிறவர் எடுக்கிறார். நம் டெல்டாவில் அப்படி ஒரு பாடம் தொடங்கினால், அதற்கான சரக்கை எங்கிருந்தும் இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. நாகூர் தர்கா வாசலில் தொடங்கி டெல்டாவுக்குள்ளேயே எல்லாம் இருக்கிறது. இந்த மண்ணை வைத்து உலகம் சமூகவியல் படித்துவிட்டது. இந்த மண்ணின் பிள்ளைகளுக்குத்தான் அது இன்னும் போய்ச் சேரவில்லை.

மினாராவும் மானிய நிலமும்

நாகூரைப் பற்றிப் பள்ளிப் புத்தகத்தில் வரும் வரி எல்லாருக்கும் தெரியும்: மத நல்லிணக்கத்தின் சின்னம். அது பொய்யில்லை. உத்தரப் பிரதேசத்து மாணிக்கப்பூரில் பிறந்து, 16-ஆம் நூற்றாண்டில் இந்தக் கரைக்கு வந்து அடங்கிய ஷாகுல் ஹமீது ஆண்டகையின் தர்காவுக்கு ஐந்து மினாராக்கள். அவற்றில் மிக உயர்ந்த, 131 அடி மினாராவைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சையை ஆண்ட மராத்திய மன்னர் பிரதாப சிங். கந்தூரிக்குக் கொடி நாகப்பட்டினத்திலிருந்து ஊர்வலமாக வருகிறது. மொட்டை போடுகிறவர்கள், குளத்தில் மூழ்குகிறவர்கள், கை கால் உருவம் பொறித்த தகடு வாங்கிச் செலுத்துகிறவர்கள் என்று நேர்ச்சைக்கு வருகிற கூட்டத்தில் யார் எந்த மதம் என்று பிரித்துச் சொல்ல முடியாது. தெற்கே வேளாங்கண்ணி, மேற்கே சிக்கல் முருகன். பக்கத்து நாகையில், 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்ரீவிஜய மன்னன் கட்டிய சூடாமணி புத்த விகாரை இருந்தது. அதற்கு முதலாம் ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரைத் தந்த செய்தி, லெய்டன் செப்பேடுகள் என்று புகழ்பெற்ற ஏடுகளில் இருக்கிறது.

பன்மை என்ற முதல் பாடத்துக்கு இதைவிட வளமான ஊர் வேண்டுமா? ஆனால் பள்ளிப் புத்தகம் அங்கேயே நின்றுவிடுகிறது. கல்லூரிப் பாடம் அதற்கடுத்த கேள்விக்குப் போக வேண்டும். அரசர்கள் விகாரைக்கும் கோயிலுக்கும் தர்காவுக்கும் அள்ளிக் கொடுத்தது பெரும்பாலும் நிலத்தை, நிலத்தின் வருமானத்தை. அந்த நிலத்தில் சேற்றில் இறங்கியது யார்? அவர்கள் எங்கே குடியிருந்தார்கள்? தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டிலேயே பதில் இருக்கிறது. கோயிலுக்கு விடப்பட்ட ஊர்களைப் பட்டியலிடும்போது, எந்தெந்த இடத்துக்கு வரி இல்லை என்று கழித்துச் சொல்கிறார்கள். ஊர் நத்தம், குளம், சுடுகாடு என்று போகும் அந்தப் பட்டியலில் பறைச்சேரியும் வருகிறது, தீண்டாச்சேரியும் வருகிறது. ஆயிரம் ஆண்டுக்கு முன் கல்லில் வெட்டிய சொற்கள். பெரிய கோயிலுக்குக் கல்விச் சுற்றுலா போகாத டெல்டாப் பள்ளி கிடையாது. விமானத்தின் நிழலைப் பற்றிய கதையைக் கேட்டுத் திரும்பும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இந்த வரியைக் காட்டியிருப்போம்?

பன்மையையும் ஏற்றத்தாழ்வையும் ஒரே பாடத்தில் வைத்திருப்பதன் நியாயம் இங்கேதான் தெரிகிறது. பன்மையை மட்டும் படித்தால் அது விழாக் காலப் பேச்சாகச் சுருங்கிவிடும். ஏற்றத்தாழ்வை மட்டும் படித்தால், இவ்வளவு பிளவுக்கு நடுவிலும் மனிதர்கள் ஒரே குளத்தில் இறங்கிக் குளிப்பது கண்ணில் படாமல் போய்விடும். நாகூர் இரண்டையும் சேர்த்தே கற்றுக்கொடுக்கும்.

அடையாளம் என்ற நடுப்பாடத்துக்கும் ஊரைவிட்டு வெளியே போக வேண்டாம். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு ‘நாகூர் முஸ்லிம்’ என்பது ஒரே ஆள். உள்ளே மரைக்காயர் உண்டு, லெப்பை உண்டு, ராவுத்தர் உண்டு, பக்கீர்கள் உண்டு. கடல் வணிகம் செய்தவர் குடும்பமும் அவர்களிடம் வேலை பார்த்தவர் குடும்பமும் ஒன்றல்ல. மரைக்காயர் குடும்பங்கள் பலவற்றில் கல்யாணம் ஆனதும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார், வீடு மகளுக்கு. வாப்பாவும் மச்சானும் சபராளிகளாகச் சிங்கப்பூர், பினாங்கு என்று போய்விட, வீட்டை நடத்தியது உம்மாவும் பெண்களும். பெண் என்றால் புகுந்த வீட்டுக்குப் போகிறவள் என்று எழுதிவைத்திருக்கும் பொதுச் சித்திரம் இங்கே செல்லாது. அப்படியானால் இங்கே பெண் சுதந்திரமாக இருந்தாளா? வீடு அவள் பெயரில் இருந்தது. பள்ளிக்கூடம் அவளுக்குச் சில வகுப்புகளோடு முடிந்தது. அப்படிச் சில வகுப்புகளே படித்த சித்தி ஜுனைதா பேகம்தான் 1938-இல் ‘காதலா கடமையா’ நாவலை வெளியிட்டு, தமிழில் நாவல் எழுதிய முதல் முஸ்லிம் பெண் என்று பெயர் பெற்றார். உ.வே.சாமிநாதையர் பாராட்டிய எழுத்து அது. மதம், பாலினம், சொத்து, படிப்பு ஆகிய நான்கும் ஒரே பெண்ணின் வாழ்க்கையில் எப்படி ஒன்றையொன்று கூட்டியும் குறைத்தும் வேலை செய்கின்றன என்று பார்ப்பதற்கு மேல்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் கோட்பாடே வைத்திருக்கிறார்கள். நம் மாணவர் அதை நாகூரின் ஒரு தெருவில் படித்துவிடலாம்.

அந்தத் தெருவின் மறுமுனை சிங்கப்பூரில் இருக்கிறது. அங்கே தெலுக் ஆயர் வீதியில் 1828-க்கும் 1830-க்கும் இடையே நாகூர் ஆண்டகையின் பெயரில் ஒரு தர்கா எழுந்தது. அதில் அடக்கம் கிடையாது. ஊரை விட்டு வந்தவர்களின் நினைவு மட்டும்தான். 1974-இல் அது தேசிய நினைவுச் சின்னமானது. இன்று இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையம். பினாங்கில் சூலியா வீதியில் இன்னொன்று. அங்கே இவர்கள் சிறுபான்மைக்குள் சிறுபான்மை: மலாய் முஸ்லிம்களுக்கு நடுவே தமிழர், தமிழ் இந்துக்களுக்கு நடுவே முஸ்லிம். கடல் தாண்டியதும் அதே மனிதர் வேறு ஆளாகிவிடுகிறார். அடையாளம் பிறப்போடு ஒட்டிவந்து மாறாமல் கிடக்கிற ஒன்று என்று நினைக்கும் மாணவருக்கு இந்த ஒரு உதாரணம் போதும்.

கலிஃபோர்னியாவில் அச்சான தஞ்சாவூர்

இப்போது ஆய்வாளர்களின் கதைக்கு வருவோம். 1951-இல் காத்லீன் கஃப் என்ற ஆங்கிலேய மானுடவியலாளர் தஞ்சைக்கு வந்தார். அப்போது அவருக்கு 26 வயது. இரண்டு கிராமங்களை எடுத்துக்கொண்டார். புத்தகத்தில் அவற்றுக்குக் கும்பபேட்டை, கிரிப்பூர் என்று மாற்றுப் பெயர். கும்பபேட்டை அக்ரகார ஊர். கிரிப்பூர் கிழக்குத் தஞ்சையில், நம் பக்கத்தில். யாருக்கு எத்தனை வேலி, யார் பண்ணையாள், யார் குத்தகைதாரர், கூலி எத்தனை மரக்கால் என்று வீடு வீடாக எழுதிக்கொண்டார். 1976-இல் அதே ஊர்களுக்கு மறுபடி வந்து, 25 ஆண்டுகளில் என்ன மாறியது என்று பார்த்தார். முதல் புத்தகம் 1981-இல் கேம்பிரிட்ஜில் வெளிவந்தது, இரண்டாவது 1989-இல் தில்லியில். ஏற்றத்தாழ்வைப் படித்ததோடு நிற்காமல் அதைப் பற்றி வாய் திறந்ததற்காக அமெரிக்காவிலும் கனடாவிலும் வேலையில் துன்பப்பட்டவர் அவர். நம் வயல்களைப் பற்றி இவ்வளவு நுணுக்கமாக எழுதிய ஒருவரின் பெயர் நம் கல்லூரி மாணவர்களுக்குத் தெரியாமலிருப்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

அடுத்து 1961-இல் ஆந்த்ரே பெத்தேய். தந்தை பிரெஞ்சுக்காரர், தாய் வங்காளி; தில்லியில் எம்.என்.சீனிவாஸின் மாணவர். திருவையாற்றுக்குப் பக்கத்தில் ஓர் ஊருக்கு ‘ஸ்ரீபுரம்’ என்று பெயர் வைத்து, அங்கே தங்கிச் செய்த ஆய்வு ‘சாதி, வர்க்கம், அதிகாரம்’ என்ற புத்தகமாக 1965-இல் கலிஃபோர்னியப் பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. சாதியும் நிலவுடைமையும் ஊர் அதிகாரமும் முன்பு ஒரே கையில் இருந்தன. வாக்குரிமையும் பஞ்சாயத்துத் தேர்தலும் வந்தபின் மூன்றும் மூன்று கைகளுக்குப் பிரியத் தொடங்கின என்பதுதான் சாரம். உயர்சாதிக்காரர் கையில் நிலம் இருக்கலாம், தலைவர் நாற்காலி இல்லாமல் போகலாம். இந்திய சமூகவியல் படிக்கிறவர் எவரும் தாண்டிப்போக முடியாத புத்தகம்.

அந்த ஆய்வுக்கு ஒரு எல்லையும் இருந்தது. அதைப் பெத்தேயே பின்னாளில் நேர்மையாக எழுதினார். அவர் தங்கியது அக்ரகாரத்தில். அக்ரகாரத்தில் தங்குகிறவர் நினைத்த நேரத்தில் சேரிக்குப் போய் உட்கார்ந்து பேச முடியாது. போனால் இந்தப் பக்கமும் கேள்வி, அந்தப் பக்கமும் கூச்சம். ஊரை எந்த வீட்டுத் திண்ணையிலிருந்து பார்க்கிறோம் என்பது ஊர் எப்படித் தெரியும் என்பதைத் தீர்மானித்துவிடுகிறது. அதே ஸ்ரீபுரத்தைச் சேரியிலிருந்து கிளம்பிய ஒரு பெண் எழுதியிருந்தால் வேறு புத்தகம் வந்திருக்கும். அந்தப் புத்தகம் இன்னும் வர வேண்டும். அதை எழுதப்போகிறவர் இந்நேரம் திருவாரூரிலோ மன்னார்குடியிலோ நாகையிலோ ஏதோ ஒரு கல்லூரியில் பி.காம். இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருக்கலாம். மைனர் என்ற கதவை அவருக்காகத்தான் திறக்கச் சொல்கிறேன்.

1968

1968 நவம்பர் 6 அன்று அமெரிக்காவில் சான் ஃபிரான்சிஸ்கோ அரசுக் கல்லூரி மாணவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கறுப்பின மாணவர் சங்கமும், மூன்றாம் உலக விடுதலை முன்னணி என்ற பெயரில் ஒன்றுசேர்ந்த மற்ற மாணவர்களும் கேட்டது: எங்கள் மக்களின் வரலாறு எங்கள் பாடத்தில் வேண்டும், எங்கள் பிள்ளைகளுக்கு இடம் வேண்டும். போலீஸ் தடியடி, கைது எல்லாம் தாண்டி 1969 மார்ச் வரை போராட்டம் நீடித்தது. அந்த ஆண்டே அங்கே இனக்குழுக்கல்விக்கென்று தனிக் கல்லூரி பிறந்தது. இன்று உலகெங்கும் பன்மை, அடையாளம் என்று மைனர் நடத்துகிற பல துறைகளுக்கு அதுதான் மூலம்.

அந்த வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்தபோதுதான், 1968 டிசம்பர் 25 இரவு, நாகூரிலிருந்து அதிகத் தூரமில்லாத கீழ்வெண்மணியில் ராமய்யாவின் குடிசைக்குள் ஓடி ஒளிந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். எல்லாரும் தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பத்தினர். கூலியாக அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டதும், செங்கொடியை இறக்கிவிட்டு நிலக்கிழார்களின் நெல் உற்பத்தியாளர் சங்கத்தில் சேர மறுத்ததும் அவர்கள் செய்த குற்றம்.

சான் ஃபிரான்சிஸ்கோவில் போராட்டம் பாடமாக முடிந்தது. இங்கே ஒவ்வொரு டிசம்பரிலும் தியாகிகள் நினைவிடத்தில் செங்கொடி ஏறுகிறது. கல்லூரி வகுப்பறைக்குள் வெண்மணி வரவில்லை. வந்தால் மூன்று பருவத்துக்குப் போதுமான ஆவணம் அந்த ஒரு நிகழ்ச்சியில் இருக்கிறது. அமர்வு நீதிமன்றம் 1970-இல் நிலக்கிழார் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்டோருக்குச் சிறைத்தண்டனை கொடுத்தது. 1973-இல் சென்னை உயர்நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. பெரும் நிலமும் காரும் வைத்திருக்கிற மிராசுதார்கள் தாங்களே நடந்துபோய்க் குடிசைக்குத் தீ வைத்திருப்பார்கள் என்பது நம்பும்படியாக இல்லை என்று தீர்ப்பில் காரணம் சொல்லப்பட்டது. அன்றைய தினம் நிலக்கிழார் தரப்பில் இறந்த ஒருவருக்காகத் தொழிலாளர்கள் சிறைக்குப் போனார்கள். சாட்சியத்தின் எடையை வசதி எப்படிக் கூட்டும், வறுமை எப்படிக் குறைக்கும் என்று சட்டம் படிக்கப்போகும் ஒரு மாணவருக்குச் சொல்ல இதைவிட நேரான பாடம் எனக்குத் தெரியாது.

வெண்மணிக்கு முன்கதையும் உண்டு. கர்நாடகத்திலிருந்து வந்த பி.சீனிவாசராவ் 1940-களில் கீழத்தஞ்சைச் சேரிகளில் தங்கிச் சங்கம் கட்டியது, சவுக்கடிக்கும் சாணிப்பாலுக்கும் எதிராகப் பண்ணையாட்கள் தலைநிமிர்ந்தது, 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பின்கதையும் உண்டு. கணபதியா பிள்ளை ஆணையம், அதைத் தொடர்ந்து 1969-இன் நியாயக் கூலிச் சட்டம், கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் 1981-இல் தொடங்கிய லாப்டி அமைப்பு வழியாகத் தலித் பெண்கள் பெயரில் நிலம் மாறியது. நியூயார்க்கில் ஐ.நா. வேலையை விட்டு 1968-இல் தமிழ்நாடு திரும்பிய மைதிலி சிவராமன், எரிந்த குடிசையின் சாம்பல் ஆறுமுன் வெண்மணிக்குப் போய் எழுதினார். இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’ 1977-இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றது. அந்த நாவல் வெண்மணியை எப்படிக் காட்டுகிறது என்பதில் இடதுசாரிகளுக்கு அன்றே மனத்தாங்கல். திருவாரூர்ப் பக்கத்து சோலை சுந்தரபெருமாள் ‘செந்நெல்’ எழுதினார். ஒரே நிகழ்வைத் தீர்ப்பாக, ஆணைய அறிக்கையாக, பத்திரிகைக் கட்டுரையாக, இரண்டு நாவல்களாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், யார் பேசுகிறார், யாருக்குப் பேச இடமில்லை என்பது தானாகப் புலப்படும்.

பட்டியலில் இல்லாதவர்கள்

பழங்கதை போதும், இன்றைக்கு என்ன என்று கேட்பவருக்கு 2004 டிசம்பர் 26-ஐச் சொல்வேன். தமிழ்நாட்டிலேயே அதிக உயிர்களைச் சுனாமிக்குக் கொடுத்தது நாகை மாவட்டம். ஆறாயிரம் பேர் அளவில். அலை சாதி பார்க்கவில்லை என்றுதான் அப்போது எல்லாரும் எழுதினோம். அந்த வாரத்தில் ஜமாஅத் இளைஞர்கள் உடல்களைத் தேடி எடுத்து, மதம் பாராமல் அடக்கம் செய்ததை இந்தக் கரை மறக்காது. ஆனால் நிவாரணப் பட்டியல் எழுதத் தொடங்கியதும் கதை மாறியது. படகு இழந்தவர் பாதிக்கப்பட்டவர், அது சரி. அந்தப் படகில் கூலிக்குப் போனவர்? கரையில் மீன் காயவைத்தவர்? தலையில் கூடை சுமந்து ஊர் ஊராக விற்றுவந்த பெண், முதல் போட்ட பணத்தை இழந்தாளே, அவள்? உப்புத் தண்ணீர் ஏறிய வயலில் நாற்று நட்டுக் கூலி வாங்கிய தலித் குடும்பம்? கடலுக்குப் போகாதவர் கடலால் பாதிக்கப்பட்டவர் இல்லை என்று ஆனது. மீனவ ஊர்ப் பஞ்சாயத்தில் ஆண்கள்தான் உட்கார்ந்தார்கள். பட்டியல் அவர்கள் வழியாகப் போனது. அலையில் பெண்கள்தான் அதிகம் செத்தார்கள்.

2023 மார்ச்சில் நாகூர் பட்டினச்சேரிக் கரையில் கச்சா எண்ணெய்க் குழாய் கசிந்தது. குழாயையே எடுத்துவிடச் சொல்லி மீனவர்கள் கரையில் திரண்டார்கள். சுத்திகரிப்பு ஆலை நாட்டுக்கு. கசிவு அந்தக் குப்பத்துக்கு. வேதியியல் மேஜர் எடுத்த நாகூர்ப் பிள்ளை கடல்நீரில் எண்ணெயின் அளவை அளந்துவிடும். அந்தக் குழாய் ஏன் அந்தக் குப்பத்தின் வழியாகப் போனது என்று கேட்க அதற்கு மைனர் வேண்டும்.

ஒரு கிரெடிட்

இப்போது கல்லூரியில் என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை என்று சொன்னால் அநியாயம். 1974-இல் பெண்களின் நிலை பற்றிய ‘சமத்துவத்தை நோக்கி’ அறிக்கை வந்தபின் நாடெங்கும் பல்கலைக்கழகங்களில் பெண்ணியல் மையங்கள் வந்தன. சமூக ஒதுக்கலை ஆராயத் தனி மையங்களைப் பல்கலைக்கழக மானியக் குழு பின்னர் அமைத்தது. பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் இளங்கலைப் பாடத்திட்டத்தில் பாலினப் படிப்பு என்று எல்லா மாணவருக்கும் பொதுவான ஒரு தாள் உண்டு. அதற்குக் கொடுத்த இடம் ஒரு கிரெடிட். வாரத்துக்கு ஒரு மணி நேரம். பிற பாடம் முடியவில்லை என்று அந்த மணியைக் கடன் வாங்குவதும், பரீட்சைக்கு முந்தின நாள் ஜெராக்ஸ் கடையில் நோட்ஸ் வாங்கிப் படிப்பதும் எந்தக் கல்லூரி மாணவரைக் கேட்டாலும் சொல்லும் கதை. ஒரு கிரெடிட்டில் ஒரு பாடத்தை முறையாகப் படிக்கவும் முடியாது, பிடிக்காவிட்டால் எதிர்க்கவும் முடியாது. அது இருக்கிறது என்று கணக்குக் காட்டத்தான் ஆகும். 24 கிரெடிட் என்பது வேறு விஷயம். ஆறு பருவமும் தொடர்ந்து, புத்தகமும் களமும் கலந்து வரும்.

புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வாங்கும் மாணவிகள் நாகையிலும் திருவாரூரிலும் எத்தனையோ பேர். அந்தத் திட்டத்தின் முழுப் பெயரில் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் இருக்கிறார். மாயவரத்துக்குப் பக்கத்து மூவலூர். தேவதாசி முறையை அதன் உள்ளிருந்து அனுபவித்து, அதை ஒழிக்க மேடைமேடையாகப் பேசி, 1936-இல் ‘தாசிகள் மோசவலை’ நாவலை எழுதி, 1947-இல் சட்டம் வந்ததைக் கண்ணால் பார்த்தவர். அவர் பெயரில் பணம் வங்கிக் கணக்குக்கு வந்துவிடுகிறது. அவர் யார் என்பது வகுப்பறைக்கு வரவில்லை.

“இதப் படிச்சா வேலை கெடைக்குமா தம்பி?” என்று கேட்கும் உம்மாவுக்கும் அம்மாவுக்கும் பதில் சொல்லியாக வேண்டும், அந்தக் கேள்வியை அற்பமாக நினைக்க எனக்கு மனம் வராது. முதல் தலைமுறைப் பட்டதாரி வீட்டில் மூன்று வருடம் என்பது பெரிய முதலீடு. டெல்டா முழுக்க நூலகங்களிலும் கோச்சிங் சென்டர்களிலும் டி.என்.பி.எஸ்.சி.க்கு இரவுபகலாகப் படிக்கிறார்களே, அந்தப் பாடத்திட்டத்தை எடுத்துப் பாருங்கள்: சமூக நீதியும் சமூக நல்லிணக்கமும் சமூகப் பொருளாதார வளர்ச்சியின் அடித்தளம் என்று தனித் தலைப்பே இருக்கிறது. தமிழகத்தின் சமூக அரசியல் இயக்கங்கள் என்று இன்னொரு பகுதி. கல்லூரியில் முறையாகப் படிக்க வேண்டியதை, பட்டம் வாங்கிய பிறகு காசு கொடுத்து மனப்பாடம் செய்கிறோம். நாளைக்கு இதே பிள்ளைகள் கிராம நிர்வாக அலுவலராக, செவிலியராக, வங்கி மேலாளராக, போலீஸ் சப்-இன்ஸ்பெக்டராக உட்காரப்போகிறார்கள். நிவாரணப் பட்டியல் எழுதப்போகும் கையும், கடன் விண்ணப்பத்தைத் தள்ளிவைக்கப்போகும் கையும் அவர்களுடையவைதான்.

யார் நடத்துவது?

கஷ்டம் இங்கேதான். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவரைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு, முன்னாள் நீதிபதி சந்துருவைக் கொண்டு அரசு அமைத்த ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. மணிக்கட்டுக் கயிறு, நெற்றிப் பொட்டு, பள்ளியின் பெயரில் சாதி என்று பிள்ளைகளைச் சாதியாகப் பிரிக்கிற ஒவ்வொன்றையும் அது எடுத்துப் பேசியது. கல்லூரி வேறு உலகம் இல்லை. கயிறு கட்டிய கை வாட்ஸப் குழுவுக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான். இப்படிப்பட்ட வகுப்பில் ஆசிரியர் எழுந்து, “உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்” என்று சாதியைப் பற்றிக் கேட்டால், அடிபட்ட பிள்ளை இரண்டாம் முறை அடிபடும். அது தன் காயத்தைத் திறந்து காட்டி மற்றவர்களுக்குப் பாடம் நடத்த வேண்டும் என்று எதிர்பார்ப்பது கொடுமை.

அதனால் நான் சொல்வது: எந்த மாணவரிடமும் அவர் யார் என்று கேட்க வேண்டாம். ஊரைக் கேட்கட்டும். உங்கள் ஊரில் குடிநீர்த் தொட்டி எந்தத் தெருவில் இருக்கிறது? சுடுகாட்டுக்குப் போகும் பாதை யார் வயல் வழியாகப் போகிறது? நடவு இயந்திரம் வந்தபின் நடவுக்குப் போன பெண்கள் என்ன செய்கிறார்கள்? மேட்டூர் தண்ணீர் கடைமடைக்கு வராத வருடத்தில் முதலில் ஊரைவிட்டுத் திருப்பூருக்குப் போவது எந்தத் தெரு? குத்தகைச் சீட்டு யார் பெயரில், பயிர்க் காப்பீட்டுப் பணம் யார் கணக்கில்? கஃப் 1951-இல் கேட்டவற்றின் பேரப்பிள்ளைக் கேள்விகள் இவை. பதில்களைக் கரும்பலகையில் எழுதிவைத்தால், அக்ரகாரத்துப் பிள்ளையும் சேரிப் பிள்ளையும் பட்டினச்சேரிப் பிள்ளையும் ஒரே வரைபடத்தைப் பார்த்துப் பேச முடியும். கண்ணில் தெரிகிற தொட்டியையும் பாதையையும் பற்றிப் பேசும்போது யாரும் தலைகுனிய வேண்டியதில்லை.

பாடம் தமிழில் இருக்க வேண்டும். இது எனக்கு விட்டுக்கொடுக்க முடியாத இடம். கஃப், பெத்தேய் இருவரின் புத்தகங்களிலிருந்தும் தேர்ந்த பகுதிகளைத் தமிழாக்கித் தருவது தஞ்சையிலுள்ள தமிழ்ப் பல்கலைக்கழகத்துக்குப் பெரிய காரியமில்லை. அங்கேயே இருக்கும் சரஸ்வதி மகால் நூலகத்தின் மராத்திய கால மோடி ஆவணங்களில் பெயர்க்கப்பட்டவை உண்டு. ஆசிரியர் தேர்வில் ஒரு பிடிவாதம் வேண்டும்: இந்த மைனரை நடத்தும் துறையில் தலித் ஆசிரியர், மீனவ சமூகத்து ஆசிரியர், முஸ்லிம் ஆசிரியர், பெண் ஆசிரியர் இல்லாமல் தொடங்கவே கூடாது. பன்மையைப் பற்றி ஒரே வகை மனிதர்கள் மேடையில் வரிசையாக உட்கார்ந்து பேசும் கருத்தரங்குகளைப் போதுமான அளவு பார்த்துவிட்டோம்.

அமெரிக்காவில் சில மாநிலங்கள் இப்போது இத்தகைய படிப்புகளுக்குப் பணத்தை நிறுத்துகின்றன, சட்டம் போட்டுச் சுருக்குகின்றன. மக்களைப் பிரிக்கிறது என்பது அவர்கள் சொல்லும் காரணம். அதே குற்றச்சாட்டு இங்கேயும் வரும். சேரியும் ஊரும் பாடம் நடத்தித்தான் பிரிந்தன என்பது போலப் பேசுவார்கள். பெரிய கோயில் கல்வெட்டை அவர்கள் ஒருமுறை படிக்க வேண்டும்.

காலம் மட்டும் நமக்காகக் காத்திருக்காது. 1968-இல் இருபது வயதிலிருந்தவருக்கு இன்று எண்பதை ஒட்டிய வயது. சபராளியாகக் கப்பலேறிய கடைசித் தலைமுறை, பண்ணையாளாக வேலை பார்த்த தகப்பனைக் கண்ணால் கண்ட தலைமுறை, கையால் நட்டும் அறுத்தும் கூலியை நெல்லாக மடியில் வாங்கிய பெண்கள் எல்லாரும் அந்த வயதில்தான் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டுப் பதிவுசெய்ய ஒரு கைப்பேசி, இரண்டு பருவம், கூட உட்கார்ந்து பொறுமையாகக் கேட்கத் தெரிந்த மாணவர்கள் போதும். பாரதிதாசன் பல்கலைக்கழகப் பாடத்திட்டக் குழு அடுத்து கூடும்போது மைனர் பற்றிப் பேசுமானால், மற்றத் தாள்களை நிதானமாக முடிவுசெய்துகொள்ளலாம். களப்பதிவுத் தாளை வரும் ஜூனிலேயே தொடங்கிவிட வேண்டும்.